அமாவாசை லீவும் அன்னாசி முந்தியும்

கனவு காணும் பெண்ணை நம்பி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போகலாம். பொங்கி வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த உண்மை உலகுக்குத் தெரியவர, ஆரணியில் ஒரு டிசைன் சென்டரும் என் கல்யாணப் புடவையும் பலியாக வேண்டியிருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பார்ப்பதற்கு விழித்திருப்பவள் மாதிரிதான் இருப்பேன். (அம்மாவை மட்டும் ஏமாற்ற முடியாது. "கண்ணத் தெறந்துகினே தூங்கறா பாரு" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வாள்.)

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பியான குமரேசன் சித்தப்பா, தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, வாசலில் 'டிசைன் சென்டர்' என்று போர்டும் மாட்டிவிட்டார். சென்டரில் மொத்தம் இரண்டே ஜீவன்கள். ஒன்று கம்ப்யூட்டர், இன்னொன்று நான். புடவையின் கரையையும் முந்தியையும் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பி, கிராஃபாக அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. அந்தக் கிராஃபைப் பார்த்து அட்டைகளில் துளை குத்துவார்கள். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஏற்றினால், எங்கே துளையோ அங்கே இழை எழும்பும், பூவாகும். ஒரு மாங்காயை வளைத்து முடிக்கவே பாதி நாள் போய்விடும். மீதி நாள் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அந்த நேரத்தில்தான் போளூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை முரளிக்கு டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எல்லோரும் கேசரியில் கவனமாக இருந்தபோது அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க வரையற டிசைன எப்பனா எனக்கும் காட்டுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. நிச்சயம் முடிந்த மறுநாளே என் முகூர்த்தப் புடவைக்கு நானே முந்தி வரையத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் ஊர் கமண்டல நாக நதியில் பெரும்பாலும் மணல்தான் ஓடும். அதில் தண்ணீர் ஓடினால் எப்படி இருக்கும் என்று வரைந்தேன். மயில் கழுத்து நிறப் பட்டில் வெள்ளி ஜரிகையில் அலைகள், அலைகளுக்கு நடுவே உடைந்து உடைந்து மிதக்கும் நிலா, கரையோரம் இரண்டு நாரைகள். ஒரு நாரை தண்ணீரைப் பார்க்கும். மற்றது கழுத்தைத் திருப்பி முதல் நாரையைப் பார்க்கும். (திரும்பிப் பார்க்கிற நாரை யார் என்று நான் சொல்ல மாட்டேன்.) மாதக்கணக்கில், சித்தப்பா பஜாருக்குப் போகும் போதெல்லாம், ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். கட்டங்கள் நிரம்ப நிரம்ப எனக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அந்த முந்தி தோளில் சரிய நான் மணவறைக்கு நடந்து போவதையும், அவர் அதைப் பார்ப்பதையும், பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்பதையும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

சென்டர் டிசைன்களெல்லாம் டி டிரைவில் இருக்கும். சித்தப்பா தினமும் அங்கே நோட்டம் விடுவார். என் டிசைனை சி டிரைவின் ஒரு மூலையில் ஒளித்து வைத்தேன். ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது என்று கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. 'முரளி' என்று வைத்தேன்.

அப்பா ஆயுள் முழுக்க ஊரார் வீட்டுப் பெண்களுக்கு முகூர்த்தப் புடவை நெய்தவர். என் புடவைக்காக, நெடுக்கு இழைகள் சுற்றிய பாவு ஒன்றைத் தனியாகவே எடுத்து வைத்திருந்தார். "காட்டும்மே பாக்கலாம்" என்று கேட்டபோது, "அச்சு எடுத்ததும் காட்டறேம்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் முந்தியில் தொடங்கித்தான் உடலுக்குப் போவார். ஆக, அட்டை வந்தால்தான் தறி ஓடும். அமாவாசை கழிந்த மறுநாள் காலை அட்டை குத்துகிறவர் சென்டருக்கு வந்து கிராஃபை வாங்கிப் போக வேண்டும் என்று பேச்சு. அவரிடம் வரிசையில் நிற்கிற ஆர்டர்கள் அநேகம். அன்றைக்கு விட்டால் என் முறை முகூர்த்தத்துக்கு அப்புறம்தான் வரும்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறி ஓடாது. மற்ற நாட்களில் விடிந்ததிலிருந்து தெரு முழுக்கத் தறிச்சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால் அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அமாவாசையன்று அது நின்றுவிடும். அப்போது தெருவே தண்ணீருக்கடியில் இருப்பது போல ஆகிவிடும். எங்கோ வடை வேகிற ஓசை, காக்காயைக் கூப்பிடும் குரல், தொலைவில் பஸ் ஹாரன், எல்லாம் மெத்தென்று வந்து சேரும். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த நாட்கள் அவைதாம்.

அந்த அமாவாசையன்று மத்தியானம், சித்தியிடம் சாவி வாங்கிக்கொண்டு சென்டருக்குப் போனேன். திரும்பிப் பார்க்கிற நாரையின் கண் மட்டும்தான் பாக்கி. கம்ப்யூட்டரோ வழக்கம்போல இழுத்தது. கண் வைக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று அழுத்தினால், மணல் கடிகாரத்தைக் காட்டிவிட்டு உள்ளே கரகரவென்று எதையோ அரைத்துக்கொண்டு இருந்தது. தெருவே ஓய்ந்து கிடக்கிறது, இது மட்டும் உள்ளுக்குள் ஓயாமல் ஓடுகிறது. எனக்கு அதன் மேல் இரக்கமே வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பங்க் கடையில் வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை ஞாபகத்துக்கு வந்தது. நம் கண்ணுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டருக்குள் பல சர்வீஸ்கள் ஓடிக்கொண்டு இருக்கின்றன, அவற்றில் தேவையற்ற இரண்டு மூன்றை நிறுத்தினால் கம்ப்யூட்டர் வேகம் எடுக்கும் என்று அதில் போட்டிருந்தார்கள். எப்படித் திறப்பது என்பதும் இருந்தது. திறந்தேன். மேலிருந்து கீழே வரை நீளமாக ஒரு பட்டியல். ஒவ்வொரு சர்வீஸும் எப்படி ஓட வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். 'ஆட்டோமேட்டிக்' என்றால், கம்ப்யூட்டர் எழுந்ததும் தானாக வேலைக்கு வந்துவிடும். 'மேனுவல்' என்றால், யாராவது கூப்பிட்டால் வரும். 'டிசேபிள்டு' என்றால், கூப்பிட்டாலும் வராது.

படித்ததும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எங்கள் தெருவில் இருக்கிற அத்தனை பேரும் அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டார்கள். அப்பா ஆட்டோமேட்டிக். அண்ணன் மேனுவல். எங்கள் பெரிய மாமா எந்த வகை என்று எழுதவே வேண்டாம். இப்படி ஒவ்வொருவராக வகைப்படுத்திக்கொண்டே பட்டியலைப் பார்த்தபோது, அது எனக்குப் பட்டியலாகவே தெரியவில்லை. நீளமான ஒரு கூடத்தில் வரிசையாகக் குனிந்து உட்கார்ந்து, முகம் தெரியாமல், பேச்சு மூச்சில்லாமல் வேலை செய்கிற மனிதர்களாகத் தெரிந்தது. ஆரணியில் வேலை செய்கிறார்கள். ஆனால் பாவம், யாரும் அவர்களுக்கு அமாவாசை லீவு விட்டதில்லை.

விட்டேன்.

முதலில் பத்திரிகை சொன்ன இரண்டு மூன்று பேருக்கு மட்டும்தான் விட்டேன். பிறகு பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தோன்றியது. அச்சு வேலையைக் கவனிக்கிறவருக்கு விட்டேன். சத்தத்தைக் கவனிக்கிறவருக்கு விட்டேன். 'ரிமோட் புரொசீஜர் கால்' என்று ஒருவர் இருந்தார். பெயரைப் பார்த்தால் ஏதோ வெளியூர்க்காரர் மாதிரி இருந்தது, நாளும் கிழமையுமாக வீட்டுக்குப் போய் வரட்டும் என்று அவருக்கும் விட்டேன். நடுநடுவே கம்ப்யூட்டர் பெட்டி பெட்டியாக ஏதோ எச்சரித்தது. "சாப்டியா" என்று அம்மா கேட்கும்போது "உம்" போடுவேனே, அதே கவனத்தோடு ஒவ்வொன்றுக்கும் 'சரி' போட்டேன். எல்லோரையும் 'டிசேபிள்டு' ஆக்கி முடித்தபோது மனம் நிறைந்து இருந்தது.

உடனே ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. ஏற்கெனவே வந்து உட்கார்ந்தவர்கள் அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் போவார்கள் போலிருக்கிறது. நான் நாரைக்குக் கண் வைத்தேன். ஒரே ஒரு கட்டம். வைத்ததும் அது உயிரோடு என்னைப் பார்த்தது. சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்தேன். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். வழியில் ஒரு சைக்கிள்காரர் என்னைத் திட்டினாராம். எனக்குத் தெரியாது, அம்மாதான் பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை தெருவில் தறிச்சத்தம் திரும்பியிருந்தது. சென்டரில் சித்தப்பாவும் அட்டை குத்துகிறவரும் டீ குடித்துக்கொண்டு இருந்தார்கள். கம்ப்யூட்டரைப் போட்டேன். வெகு நேரம் கழித்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் போல ஒரு திரை வந்தது. டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. பிரிண்டர் என்று ஒன்று இருந்ததாகவே அதற்கு நினைவில்லை. லீவு விட்டவர்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்று அதே பட்டியலைத் திறக்கப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் முடியாது, முடியாது என்றே சொன்னது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார் சித்தப்பா.

"தெரியல சித்தப்பா. அமாவாசை கயிஞ்சும் வரல."

"யாரு வரல?"

அட்டை குத்துகிறவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னிக்கி ஆவாதுன்னா சொல்டுங்க. நான் அடுத்த ஆர்டரப் புடிச்சிக்கறேன். நாளைக்கி மத்தியானம் வரைக்கும் டைம் தரேன், அத்தோட சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலூருக்கு ஃபோன் போட்டு சர்வீஸ் என்ஜினியரை வரச் சொன்னார் சித்தப்பா. மறுநாள் காலை அவர் வந்தார். முதுகுப் பையும், எதையும் பார்த்து அதிசயப்படாத முகமுமாக இருந்தார். எதை எதையோ தட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் முதல்முறையாக அதிசயம் வந்தது.

"யாரோ எல்லா சர்வீஸையும் டிசேபிள் பண்ணியிருக்காங்க சார். ஒண்ணு ரெண்டு இல்ல, எல்லாத்தையும். மத்தவங்களக் கூப்பிட்டு எழுப்பற சர்வீஸ் ஒண்ணு இருக்கும், அதையும் சேத்து. வைரஸ் கூட இந்த மாதிரி பண்ணாதுங்க."

சித்தப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீ எதுனா தொட்டியாம்மா?"

"லீவுதான் வுட்டேன் சித்தப்பா."

"லீவா? யாருக்கு?"

"உள்ள இருக்கறவங்களுக்கு. அமாவாசைன்னு."

என்ஜினியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. சித்தப்பா வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். அவற்றை அச்சில் ஏற்ற முடியாது. கடைசியாக, "ஒரே பேஜாரா பூட்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒவ்வொண்ணா எழுப்பிப் பாக்கலாங்க, ஆனா சாயங்காலம் ஆயிடும்" என்றார் என்ஜினியர். "ஃபார்மட் அடிச்சிட்டு புதுசாப் போட்டா ஜல்தி முடிஞ்சிடும். டி டிரைவ்ல இருக்கறது அப்டியே இருக்கும். சி-ல இருக்கறது போயிடும்."

"நம்ம டிசைன்லாம் டி-லதான இருக்குது? அடிங்க."

என்ஜினியர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர், இன்றைக்கும் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நிதானமாகவே கேட்டார். "மேடம், சி-ல முக்கியமா எதுனா இருக்குதா? இருந்தா சொல்லுங்க, எடுத்து வெச்சிட்டு அடிக்கறேன்."

இருக்கிறது என்று சொன்னால் எடுப்பார். எடுத்தால் பெயர் திரையில் வரும். சித்தப்பா அதை வாய்விட்டுப் படிப்பார். அவர் படித்தால் மாலைக்குள் ஆரணி படிக்கும், நாளைக்குள் போளூர் படிக்கும். இதெல்லாம் ஒரு நொடியில் என் கண் முன்னால் ஓடியது. (மற்ற எல்லாவற்றுக்கும் மணல் கடிகாரம் காட்டுகிற மூளை, இதற்கு மட்டும் அப்படி வேகம்.)

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

நீலத் திரையில் ஒரு மஞ்சள் பட்டை தோன்றி, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் அலை போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு நிலா. நாரைகளில் எது முதலில் போயிருக்கும் என்று தெரியவில்லை. கடைசி நொடியில் கூட "நிறுத்துங்க" என்று கத்தியிருக்கலாம். அழிவது கூட எனக்குக் கனவு போலவே, மெல்ல, நீல நிறத்தில் நடந்தது. பட்டை முழுதாக நிரம்பியதும் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி அழுதேன்.

மத்தியானம் அட்டை குத்துகிறவர் வந்தபோது, புத்தம் புதிய, மகா வேகமான, என் முந்தி மட்டும் இல்லாத கம்ப்யூட்டர் அவரை வரவேற்றது.

வீட்டில் அப்பாவிடம் முழுவதையும் சொன்னேன், பெயரைத் தவிர. அவர் பாவு இழைகளைத் தடவிக்கொண்டே கேட்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "அமாவாசைக்கு நானுந்தான் லீவு வுடறேன். தறியக் கயட்டிப் போட்டுட்டா போறேன்?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இப்ப இன்னாப்பா பண்றது?"

அப்பா விட்டத்தைப் பார்த்தார். எப்போதோ பெங்களூர்க் கடை ஒன்று ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்ன ஒரு முந்தியின் அட்டைகள் அங்கே தூசியோடு தொங்கின. எங்கள் வீட்டில் தயாராக இருந்த பெரிய முந்தி அட்டை அது ஒன்றுதான். அன்னாசிப் பழம். மொத்தமும் அன்னாசிப் பழம்.

அப்படித்தான் என் முகூர்த்தப் புடவை அமைந்தது. மயில் கழுத்து நிறம் நான் கேட்டபடியே வந்தது. வெள்ளி ஜரிகையும் நான் கேட்டபடியே மின்னியது. ஆற்றுக்கும் நிலாவுக்கும் பதிலாக, கொண்டையும் முள்ளுமாக வரிசை வரிசையாக அன்னாசிகள் என் தோளிலிருந்து இறங்கின. அப்பாவின் கை அல்லவா, ஒவ்வொரு பழமும் அப்படியொரு லட்சணம். பெண்களெல்லாம் முந்தியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். நான் மட்டும் குனிந்தே இருந்தேன். அடக்கமான பெண் என்று பெயர் வாங்கினேன்.

மணவறையில், ஐயர் ஏதோ தேடிக்கொண்டிருந்த நேரத்தில், முரளி என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"இது நீங்க வரைஞ்சதா?"

மாதக்கணக்கில் நான் கனவு கண்ட அதே கேள்வி. இடம் அதே, நேரம் அதே, குரல் கூட அதே. பழக்கத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

"ஆமா" என்றேன்.

அவர் முந்தியை நன்றாகப் பார்த்தார். "அன்னாசின்னா உங்களுக்கு அவ்ளோ உயிரா?" என்றார்.

அதற்கும் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

அன்று ஆரம்பித்தது. என் கணவர் சொல்லாமல் அன்பு செய்கிற ஜாதி. வேலூருக்குச் சரக்கு எடுக்கப் போனால் அன்னாசியோடுதான் திரும்புவார். என் பிறந்த நாளுக்கு அன்னாசி. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கே ஒரு கூடை அன்னாசி வாங்கி வந்து, நர்ஸிடம் திட்டு வாங்கினார். மாமியாரோ, "எம் மருமவ கல்யாணப் பொடவையிலயே அன்னாசிய நெய்ஞ்சி வெச்சிகினவ" என்று விருந்தாளிகளிடம் சொல்லிச் சொல்லி, நல்ல நாளென்றால் அன்னாசிக் கேசரி கிண்டுவார். எனக்கோ அன்னாசி தின்றால் நாக்கு அரிக்கும். அரிக்க அரிக்க, சிரித்துக்கொண்டே, வருடக்கணக்கில் தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தோல் சீவி, கண் எடுத்து, அழகாக வட்டம் வட்டமாக நறுக்கிய அன்னாசியை அவர் என் முன்னால் வைத்தபோது என்னால் முடியவில்லை. அழுதுவிட்டேன். அமாவாசை, லீவு, நாரை, மஞ்சள் பட்டை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அந்த ஆறு எப்படி இருந்தது என்று கேட்டார். நிலா எங்கே இருந்தது, நாரை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்றெல்லாம் கேட்டார். சொல்லச் சொல்ல, நெய்யாமலே போன அந்த முந்தியை அவர் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்குத் தெரிந்தது. அவ்வளவு காலத்துக் குறை அந்த ஒரு மாலையில் தீர்ந்தது.

"சரி. அந்த வேலூர்க்காரரு கேட்டப்போ ஏன் இருக்குதுன்னு சொல்லல?"

"ஃபைல் பேர சித்தப்பா படிச்சிடுவாரேன்னு."

"அப்டி இன்னா பேரு வெச்ச?"

சொன்னேன். உடனே சிரிக்கத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் யாராவது அவரிடம், "இன்னா முரளி, பொண்டாட்டி சொல்ற பேச்ச அப்டியே கேக்கறியே?" என்று சீண்டினால் போதும். இலையிலிருந்து தலையைத் தூக்காமல் அவர் சொல்வார்:

"கல்யாணத்துக்கு முன்னாடியே என்னிய ஃபார்மட் அடிச்சிட்டா. அப்பறம் அவ எதப் போட்டாளோ, அதுதாங்க ஓடிகினு இருக்குது."